லிஃப்ட் பழுதும் ஒரு வைபியும்: அரசியல் அங்கதம் எழுதத் தொடங்குவோருக்கு

கோலாலம்பூரில் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்குப் போனாலும் நடுவில் பத்து நிமிட ஸ்கிட் ஒன்று இருக்கும். தீபாவளிக் கலைநிகழ்ச்சியாகட்டும், பல்கலைக்கழக மாணவர் விழாவாகட்டும், ஆலய நிதி திரட்டும் விருந்தாகட்டும், அதில் ஓர் அரசியல்வாதி வந்துவிடுவார். பாத்தேக் சட்டை, கறுப்புக் கண்ணாடி, குடை பிடிக்க ஒருவர், பை தூக்க ஒருவர். நுழைந்ததும் கைதட்டல், பேச வாயெடுத்ததும் சிரிப்பு. மூன்றாவது நிமிடத்தில் அந்தச் சிரிப்பு வற்றிவிடும். அப்புறம் வேறு வழியில்லாமல் அவரை வழுக்கி விழ வைப்பார்கள், இல்லாவிட்டால் குத்துப்பாட்டுக்கு ஆட வைப்பார்கள்.

அந்த மூன்றாவது நிமிடத்தில் என்ன தவறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். மேடைக்கு எழுத நினைப்பவர்களுக்கும், தொலைக்காட்சிக்கோ யூடியூபுக்கோ எழுத நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். நகைச்சுவை எழுதுவது பிறவித் திறமை என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். நல்ல காதோடு சிலர் பிறப்பது உண்மைதான். ஆனால் அரசியல் அங்கதத்தில் பாதிக்கு மேல் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

அரசியல்வாதியை மேடையேற்றிக் கேலி செய்தால் அது அரசியல் பற்றிய நகைச்சுவை. அதில் தவறில்லை. அங்கதம் என்பது இன்னும் ஒரு படி உள்ளே போவது. அதிகாரத்தில் இருப்பவர் ஒன்று சொல்கிறார், நடப்பது வேறாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தைப் பார்வையாளர் தானாகக் கண்டுபிடித்துச் சிரிக்கும்படி எழுதினால் அது அங்கதம். "இவர் பொய் சொல்கிறார், பாருங்கள்" என்று எழுத்தாளரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது மேடைப் பேச்சாகிவிடும். பார்வையாளருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்காது, சிரிப்பும் வராது.

இது வெளிநாட்டிலிருந்து வந்த கலை என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேரடியாகவே வசை பாடுவது செம்பொருள் அங்கதம். சொல்ல வந்ததை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இரண்டாவதற்கு ஔவையாரை விடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவை சொல்வது இவ்வளவுதான்: இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள வீட்டில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

ஒரு வசைச் சொல் கூட இல்லை. உங்கள் ஆயுதங்கள் பளபளப்பாக இருக்கின்றன என்று பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். நீ போரே பார்த்ததில்லை என்பதைத் தொண்டைமானே கண்டுபிடிக்க வேண்டியதுதான். தூதராகப் போனவர் எதிரியின் வீட்டுக்குள் நின்றுகொண்டு பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். நேரடியாகச் சொல்ல முடியாத இடத்தில்தான் இந்த வகை அங்கதம் பிறக்கிறது. மலேசியாவில் எழுதுகிறவர்களுக்கு அந்த நிலை நன்றாகவே புரியும்.

ஆளை மாற்றிப் பாருங்கள்

நீங்கள் எழுதிய நகைச்சுவை அங்கதமா இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. காட்சியில் இருக்கும் அரசியல்வாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தலைமையாசிரியரையோ மாமனாரையோ வையுங்கள். நகைச்சுவை அப்படியே வேலை செய்கிறதா? அப்படியானால் அதில் அரசியல் இல்லை. வழுக்கி விழுவது, தொப்பை, விக் கழன்று போவது, தப்பும் தவறுமான ஆங்கிலம் எல்லாம் யாருக்கும் பொருந்தும்.

பலகுரலும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும். 1979 முதல் 2010 வரை மஇகாவின், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குரலை மேடைகளில் பலர் பேசிக் காட்டி நம்மில் பலர் கேட்டிருப்போம். குரல் அச்சு அசலாக இருந்தால் ஆச்சரியப்பட்டுக் கைதட்டுகிறோம். அது கலைஞரின் திறமைக்குக் கிடைத்த கைதட்டல். அந்தக் குரலில் என்ன சொன்னார் என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. குரல் பார்வையாளரை உள்ளே அழைத்து வரும். வந்தவர்களை உட்கார வைக்க வசனம் வேண்டும்.

சரி, ஒரு காட்சியை எழுதியே பார்ப்போம். இடம் ஒரு பிபிஆர் அடுக்குமாடி, அதாவது அரசு கட்டிய மலிவு விலைக் குடியிருப்பு, பதினேழு மாடி. லிஃப்ட் பல மாதமாகப் பழுது. குடியிருப்பாளர்கள் புகார் செய்து ஓய்ந்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைபி, அதாவது தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர், வருகிறார். பதினான்காவது மாடியில் இருக்கும் கமலாக்கா படியிறங்கி வந்து அவரைச் சந்திக்கிறார். வைபியும் கமலாக்காவும் கற்பனைதான். லிஃப்ட் பிரச்சினை அப்படி இல்லை, பிபிஆர் வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதல் முயற்சியில் நமக்குத் தோன்றுவது இதுதான். வைபி மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிறார், இரண்டாவது மாடியில் மயங்குகிறார், உதவியாளர் விசிறுகிறார். சிரிப்பு வரும். ஆனால் சோதனையைச் செய்து பாருங்கள். அங்கே ஒரு குண்டுப் பெரியவரை வைத்தாலும் அதே சிரிப்புதான். லிஃப்ட் ஏன் பல மாதமாகப் பழுதாகக் கிடக்கிறது என்ற கேள்வி காட்சிக்குள் வரவே இல்லை.

இரண்டாவது முயற்சியில் வைபியின் உடம்பை விட்டுவிட்டு அவர் பேச்சைப் பிடிப்போம். இப்படிப்பட்ட நேரத்தில் பதவியில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "குழு அமைத்திருக்கிறோம்." செய்தித்தாளில் நாம் நூறு முறை படித்த வாக்கியம். அதை நம்பி, அது எங்கே போய் முடிகிறது என்று பின்னாலேயே போவோம்.

வைபி: லிஃப்ட் பழுதுன்னு கேள்விப்பட்டதும் நான் சும்மா இருக்கலைம்மா. அன்னைக்கே ஒரு குழு அமைச்சேன்.

கமலாக்கா: நல்லதுங்க வைபி. குழு என்ன கண்டுபிடிச்சாங்க?

வைபி: லிஃப்ட் பழுதுன்னு.

கமலாக்கா: அது எங்களுக்கே தெரியுமேங்க.

வைபி: இத்தனை நாளா உங்களுக்கு மட்டும் தெரியும். இப்போ அரசாங்கத்துக்கும் தெரியும். முன்னேற்றம்தானே?

இந்த வைபி முட்டாள் இல்லை, கெட்டவரும் இல்லை. தான் வேலை செய்திருப்பதாகவே மனதார நம்புகிறார். அங்கதப் பாத்திரத்துக்கு இந்த நம்பிக்கை மிக அவசியம். நடிகர் கண்ணடித்துவிட்டாலோ, "நான் உங்களை ஏமாற்றுகிறேன்" என்ற குறிப்பை முகத்தில் காட்டிவிட்டாலோ காட்சி செத்துவிடும். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாமல் பேசும் மனிதர்தான் பார்வையாளருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கிறார்.

காட்சி இன்னும் ஏற வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, இன்னொரு புதிய நகைச்சுவையைத் தேடி ஓடுவது. புதிதாக எதுவும் வேண்டாம். அதே லிஃப்ட், அதே தர்க்கம், ஒரு படி மேலே:

கமலாக்கா: ஒரு தடவை மேலே வந்து பாருங்க வைபி. என் மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க.

வைபி: வரணும்னுதான்ம்மா ஆசை. லிஃப்ட் வேலை செய்யலையே.

கமலாக்கா: அப்போ லிஃப்ட்டைச் சரி பண்ணிக் கொடுங்க.

வைபி: மேலே வந்து நிலைமையைப் பார்க்காம எப்படிம்மா சரி பண்றது?

இப்போது நிறுவனத்தின் தர்க்கம் முழுதாக வெளியே வந்துவிட்டது. பிரச்சினையைத் தீர்க்க வேண்டுமானால் முதலில் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்காக இன்னொரு கடிதம் கேட்கப்பட்டு அலைந்தவர்கள் எல்லாரும் இங்கே சிரிப்பார்கள். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்ற ஒரு வரியால் அந்தச் சிரிப்புக்குள் வலியும் வந்து சேர்கிறது. அந்த வரியை வெட்டிவிடாதீர்கள். யாருக்கு நஷ்டம் என்பது தெரியாத அங்கதம் வெறும் வார்த்தை விளையாட்டு.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இங்கே இருக்கிறது. சிரிப்பைத் தூண்டும் சொல் வாக்கியத்தின் கடைசியில் விழ வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொல் வந்தாலும் பார்வையாளர் அதைக் கேட்பதற்காகச் சிரிப்பை அடக்கிக்கொள்வார். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இது சிக்கல். "லிஃப்ட் பழுதாக இருக்கிறது என்று குழு கண்டுபிடித்திருக்கிறது" என்று எழுதினால் வெடி நடுவிலேயே வெடித்துவிடும், மிச்ச வாக்கியம் புகையாக நீளும். அதனால்தான் "என்ன கண்டுபிடிச்சாங்க" என்ற வினையைக் கேள்வியிலேயே கமலாக்காவிடம் கொடுத்துவிட்டோம். வைபிக்கு "லிஃப்ட் பழுதுன்னு" மட்டும் போதும். பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உதவி. எழுத்தில் முடியாத இடமாற்றமெல்லாம் பேச்சில் இயல்பாக வரும். வசனத்தை எழுதிவிட்டு உரக்கப் படியுங்கள், கடைசியில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊரின் மொழிக் கலப்பு. நம் தலைவர்கள் ஒரே பேச்சில் தமிழிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் தாவுவார்கள். எந்த இடத்தில் தாவுகிறார்கள் என்பதைக் கவனித்து எழுதினால் பாத்திரம் தானாக உயிர் பெறும். நான் கேட்டவரையில், பாசம் பேசும்போது தமிழ் வருகிறது, "நம்ம பிள்ளைங்க, நம்ம தமிழ்ப்பள்ளி" என்று. பொறுப்பு ஏற்க வேண்டிய இடம் வந்ததும் பேச்சு அலுவலக மலாய்க்கு மாறிவிடுகிறது: "அம்பில் மக்லும்". கவனத்தில் எடுத்துக்கொண்டோம், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று அர்த்தம். கமலாக்கா காட்சியில் வைபி கடைசியாக அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினால், கோலாலம்பூர்ப் பார்வையாளருக்கு விளக்கமே தேவைப்படாது.

காட்சிக்குள் இன்னொருவரையும் கொண்டுவர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்: குடியிருப்பாளர் சங்கத் தலைவர். பொன்னாடையோடும் மாலையோடும் ஓடி வருபவர். வைபி லிஃப்டைப் பழுதுபார்க்க மாதிரிக் காசோலை ஒன்றைக் கொடுக்கிறார். இரண்டு பேர் தூக்கும் அளவுக்குப் பெரிய அட்டை. தமிழ்ப் பத்திரிகைகளைப் படிப்பவர்களுக்கு இந்தப் படம் மனப்பாடம். படம் எடுக்கும்போது சங்கத் தலைவர் திரும்பி, "கமலா, கொஞ்சம் தள்ளி நில்லுலா, பேனர் மறைக்குது" என்கிறார். அதுவரை வைபியைப் பார்த்துச் சிரித்த கூட்டம் அந்த வரியில் கொஞ்சம் தயங்கும். மாலை போட்டவர்களில் நாமும் உண்டு என்பது உறைக்கும். தலைவர்களை மட்டும் கேலி செய்து அனுப்பிவிட்டால் பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைப்பது அங்கதத்தின் வேலைதான்.

பெரிதாக்குவது எப்படி

மிகைப்படுத்தல் என்றதும் சத்தம் போடுவது, கண்ணை உருட்டுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கும் வழக்கத்தை அதன் எல்லைவரை இழுத்துப் போவதுதான் மிகை. தமிழ் மேடையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1968இல் மேடையேறிய சோவின் 'முகமது பின் துக்ளக்'. அந்தக் காலத்துச் சுல்தான் உயிரோடு திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் தேர்தலில் வென்று பிரதமராகிறார். தன் பக்கம் கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறார். பதவி கொடுத்து ஆளை இழுப்பது ஏற்கெனவே நடப்பதுதான். அதை எல்லாருக்கும் துணைப் பிரதமர் பதவி என்று நீட்டியதும் அந்த வழக்கத்தின் அசல் முகம் தெரிந்துவிட்டது. 2020இல் எம்பிக்கள் அணி மாறி ஆட்சியைக் கவிழ்த்த ஷெரட்டன் நகர்வைப் பார்த்த மலேசியருக்கு இந்தக் காட்சி பழையதாகவே தோன்றாது. கட்சி தாவுகிறவர்களை இங்கே மக்கள் தவளை என்கிறார்கள். கட்சித் தாவலைத் தடுக்க 2022இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது.

துக்ளக் அரை நூற்றாண்டு தாண்டியும் புரிவதற்குக் காரணம், அது ஒரு பழக்கத்தைக் குறிவைத்தது. பிபிசியில் 1980இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' தொடரும் அப்படித்தான். ஆன்டனி ஜே, ஜோனத்தன் லின் இருவரும் சேர்ந்து எழுதியது. அதில் வரும் அமைச்சர் எந்தக் கட்சி என்று தொடர் முழுக்கச் சொல்லப்படவே இல்லை. அமைச்சர் ஏதாவது செய்ய நினைப்பார், துறையின் மூத்த அதிகாரி மரியாதையாகவே அதைத் தடுத்துவிடுவார். அமைச்சர்கள் மாறலாம், அதிகாரியும் கோப்பும் மாறுவதில்லை. அந்த உறவையே இலக்காக்கியதால் எந்த நாட்டு அரசு ஊழியர் பார்த்தாலும் தன் அலுவலகம் தெரிகிறது.

அன்றாடச் செய்தியை வைத்து எழுதுவது வேறு பாதை. அதற்கு ஆயுள் குறைவு, வேகம் அதிகம். பிபிசி 1962இல் சனிக்கிழமை இரவுகளில் நேரலையாக நடத்திய 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்' அந்த வகைக்கு முன்னோடி. அந்த வாரச் செய்தி அந்த வாரமே கேலிக்கு வந்தது. 1964 தேர்தல் ஆண்டு என்ற காரணம் காட்டி 1963 இறுதியிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். 'யெஸ் மினிஸ்டர்' கூட 1979 தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்க வைக்கப்பட்டதுதான். பேச்சுச் சுதந்திரத்துக்குப் பேர்போன நாட்டிலேயே தேர்தல் நெருங்கினால் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கை நடுங்கும்.

மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இங்கேதான். மேடையில் இன்று காலைச் செய்தியை இன்று மாலை வசனத்தில் சேர்க்கலாம். பார்வையாளர் சிரிக்காத வரியை மறுநாள் மாற்றலாம். தொலைக்காட்சியில் எழுதிய வரி பல கை மாறும். தயாரிப்பாளர் படிப்பார், நிலையத்தில் ஒருவர் படிப்பார், சில சமயம் வழக்கறிஞரும் படிப்பார், படப்பிடிப்பு முடிந்து ஒளிபரப்பாக வாரக்கணக்கில் ஆகும். அதனால் தொலைக்காட்சிக்கு எழுதும்போது ஆளை விடப் பழக்கத்தைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். கமலாக்காவின் லிஃப்ட் ஆறு மாதம் கழித்தும் பழுதாகத்தான் இருக்கும்.

கோலாலம்பூரின் கதை

நம் நகரத்தில் இந்தக் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1989இல் ஜோ குகதாஸ், ஆண்ட்ரூ லெசி, ஜிட் முராட், ஸாஹிம் அல்பக்ரி ஆகியோர் இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டரைத் தொடங்கினார்கள். எதிர்க்கட்சியினரையும் சமூக ஆர்வலர்களையும் விசாரணையின்றி அடைத்த ஓப்பராசி லாலாங் கைதுகள் நடந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள், ஆனால் உள்ளே இருந்தது மலேசியப் பேச்சு. எல்லா இனத்து உச்சரிப்பும் அதில் வரும். ஜோ குகதாஸ் தானே வைபி வேடம் போட்டு, மாண்புமிகு ஒருவராக மேடையில் பேசுவார். ஒரு பெண் ஆண் அமைச்சராக வந்து, முழு நம்பிக்கையோடு நாட்டுக்கு அறிவுரை சொல்லும்போது, நாம் தினமும் கேட்டுப் பழகிப்போன அதிகாரத் தொனி திடீரென்று விசித்திரமாகக் கேட்கும். அங்கதம் எழுத விரும்பும் தமிழ் இளைஞர்கள் அந்தக் குழுவைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

2003இல் அவர்களுடைய ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மலாய் நாளிதழ் ஒன்றில் புகார்க் கடிதம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து மாநகராட்சி அவர்களுடைய உரிம விஷயத்தில் கைவைத்தது. கோலாலம்பூரில் பொது நிகழ்ச்சி நடத்த டிபிகேஎல் எனப்படும் அந்த மாநகராட்சியின் உரிமம் வேண்டும், நாடகம் என்றால் ஸ்கிரிப்டையும் சமர்ப்பிக்க வேண்டும். இது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய நடைமுறை. மண்டபம் பிடித்து டிக்கெட் விற்றுவிட்டு கடைசி வாரத்தில் உரிமத்துக்கு ஓடக்கூடாது.

தொலைக்காட்சி 1963இல் அரசு நிலையமாகவே இங்கே பிறந்தது. டிவி3 1984இல் வந்தது, ஆஸ்ட்ரோ 1996இல். தமிழ் நகைச்சுவைக்கு அவற்றில் இடம் கிடைத்தது, அரசியல் அங்கதத்துக்கு அவ்வளவாக இல்லை. 1990களின் பிற்பகுதியில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்துக்காக, இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று அரசாங்கம் உறுதி கொடுத்தது. தொலைக்காட்சியில் இடமில்லாத கேலியெல்லாம் பிறகு இணையத்துக்குக் குடிபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தணிக்கை இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகிவிடாது. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரர் சுனார் மீது 2015இல் அதன் கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஆட்சி மாறிய பிறகு 2018இல்தான் அவை கைவிடப்பட்டன. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இணையத்தில் பதிவிடும் எல்லாருக்கும் பொருந்தும். அன்றைய பிரதமர் நஜிப்பைக் கோமாளி முகத்தோடு வரைந்த ஃபாமி ரேஸாவுக்கு அந்தப் பிரிவின் கீழ் 2018இல் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் சிறை நீங்கி, அபராதம் குறைந்தது. 2025இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவின் அபராத உச்சவரம்பு 5 லட்சம் ரிங்கிட். 2022இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த கிராக்ஹவுஸ் நகைச்சுவை மன்றம், மேடையேறிய ஒரு பெண்ணின் நிகழ்ச்சி வீடியோவாகப் பரவியதைத் தொடர்ந்து உரிமத்தை இழந்தது. அதன் உரிமையாளர்களில் ஒருவர் தாம் இணையத்தில் ஏற்றிய வேறு வீடியோக்களுக்காக 233இன் கீழ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மண்டபத்தில் இருநூறு பேர் சிரித்த வரி, கைப்பேசி வழியாக வெளியே போகும்போது முன்பின் இல்லாமல் போகிறது. மேடைக்கு எழுதினாலும், உங்கள் வரியைத் தனியாக வெட்டி எடுத்தால் எப்படிக் கேட்கும் என்று யோசித்து எழுதுங்கள்.

இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் 3ஆர் என்று சொல்லி, தொடாதே என்பார்கள். எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. சட்டத்துக்காக மட்டும் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். ஆனால் இன நகைச்சுவையில் பெரும்பகுதி அங்கதமே இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வங்காளதேசத் தொழிலாளியின் மலாய் உச்சரிப்பைக் கேலி செய்வதில் எந்த அதிகாரம் அம்பலமாகிறது? நம் தமிழ் மேடையிலும் குடிகார அண்ணன், கறுத்த மணப்பெண், தோட்டத்திலிருந்து வந்து எஸ்கலேட்டரைப் பார்த்து மிரளும் பாட்டி என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களில் ஒருவரிடமும் அதிகாரம் இல்லை. அந்தப் பாட்டியின் தலைமுறை பல தோட்டங்களில் நிலம் கைமாறியதும் வீடிழந்து நகரத்துக்கு வந்தது. எழுதுவதானால் நிலத்தை விற்றவரையும், வாக்குறுதி கொடுத்து மறந்தவரையும் எழுத வேண்டும், மிரண்ட பாட்டியை விட்டுவிட வேண்டும்.

அதிகாரம் அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவில் மட்டும் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். ஆலய நிர்வாகக் குழு, அரசு சாரா இயக்கம், பள்ளி மேலாளர் வாரியம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைப் படிக்க விடாமல் கைதட்டி நிறைவேற்றும் செயலவை என்று நம் பக்கத்திலேயே எவ்வளவோ இருக்கிறது. புதிதாக எழுதுபவருக்கு இவைதான் நல்ல பயிற்சிக்களம். விவரம் முழுதும் உங்களுக்குத் தெரியும், பார்வையாளருக்கும் தெரியும். ஆளின் பெயரைச் சொல்லாமல் பழக்கத்தை மட்டும் எழுதினாலே மண்டபத்தில் பாதிப் பேர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தொடங்குவதற்கு, இந்த வாரப் பத்திரிகையில் அரசியல்வாதியோ அதிகாரியோ சொன்ன ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கோபத்தோடு படிக்காமல் முழுவதும் நம்பிப் படியுங்கள். இது உண்மையானால் அடுத்து என்ன நடக்க வேண்டும், அதற்கு அடுத்து என்ன என்று மூன்று படி போங்கள். அந்த வாக்கியத்தால் வாழ்க்கை பாதிக்கப்பட்ட ஒருவரை எதிரே நிறுத்தி, இருவரையும் பேச விடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நண்பர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டு, சிரிக்காத வரிகளை வெட்டுங்கள். கமலாக்காவின் மாமியார் வரியைப் போல, சிரிப்பு வராவிட்டாலும் அடுத்த சிரிப்பைத் தாங்கி நிற்கும் வரி ஒன்று இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள்.